"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்": அந்த ‘எஸ்’ எங்கே போனது?

ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலைத் தட்டி முடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படிக்கிறீர்கள். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்ற இடத்தில் கண் நிற்கிறது. ஃப்ரெண்டா, ஃப்ரெண்ட்ஸா? சரி, ஃப்ரெண்ட்ஸ். அப்படியானால் அடுத்து வருவது இஸ்ஸா, ஆரா? "ஃப்ரெண்ட்ஸ் இஸ்" என்று அருகருகே பார்த்தால் உறுத்துகிறது. ஆர் போட்டால் அதுவும் இடிக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி ஒருமையாக்கி, புரிந்தால் போதும் என்று அனுப்பிவிடுகிறோம்.

பிறர் எழுதிய ஆங்கில வரைவுகளைத் திருத்துவது என் பிழைப்பு. "ஒன் ஆஃப்" என்று தொடங்கி ஒரு பெயர்ச்சொல்லில் போய் நிற்கும் இந்தத் தொடரில்தான் நான் அடிக்கடி கை வைக்க வேண்டியிருக்கிறது. எழுதியவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. நன்றாக எழுதுகிறவர்களும் இங்கே வழுக்குகிறார்கள். அதனால் இதைப் பாடமாக நடத்தாமல் பழுது பார்க்கிற மாதிரி பார்ப்போம். உங்கள் வாக்கியத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ, நேராக அந்த இடத்துக்குப் போய்விடுங்கள். முதல் கோளாறை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது, மற்றவற்றில் பாதி அதன் வாரிசுகள்தாம். ஆங்கிலத் தொடர்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் பிழை காதிலேயே விழும்.

பெயர்ச்சொல் ஒருமையிலேயே நிற்கிறது

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்", "ஒன் ஆஃப் தி ரீசன்", "ஒன் ஆஃப் தி பெஸ்ட் பிளேயர்." மூன்றும் பிழை. ஃப்ரெண்ட்ஸ், ரீசன்ஸ், பிளேயர்ஸ் என்றுதான் வர வேண்டும். ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றை எடுக்கிறோம், கூட்டம் என்றால் பன்மை. இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் தவறுகிறது என்பதில்தான் சுவாரசியம்.

தமிழில் இதைச் சொல்ல இரண்டு அச்சுகள் இருக்கின்றன. "என் நண்பர் ஒருவர் வந்திருந்தார்" என்பது ஒன்று. "என் நண்பர்களில் ஒருவர் வந்திருந்தார்" என்பது இன்னொன்று. பேச்சில் நம் வாயில் சட்டென்று வருவது முதல் அச்சு: "என் ஃப்ரெண்டு ஒருத்தர்." அதில் நண்பர் ஒருமை. அந்த ஒருமையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் இரண்டாவது அச்சைத் தேடிப் போகிறோம். அங்கேதான் ‘எஸ்’ தொலைகிறது. பள்ளி இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்ததும் இதற்கு ஒத்து ஊதுகிறது. மாடு வந்தது, மாடு வந்தன, இரண்டிலும் மாடு மாடுதான். பத்துப் புத்தகம் வாங்கினேன் என்றால் தமிழில் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கிலம் அப்படி விட்டுக்கொடுக்காது.

ஆகவே தமிழில் யோசிப்பதால் வந்த பிழை என்று யாராவது சொன்னால் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தமிழில் பாதி யோசித்ததால் வந்த பிழை. "களில் ஒருவர்", "களில் ஒன்று" என்று முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த ‘கள்’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘எஸ்’ உட்கார வேண்டும். காரணங்களில் ஒன்று, ஒன் ஆஃப் தி ரீசன்ஸ். அவ்வளவுதான்.

சரி, நீங்கள் நினைத்ததே முதல் அச்சுதான் என்றால்? கூட்டத்தைப் பற்றி அக்கறையில்லை, நண்பர் ஒருவர் வந்தார் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் தனித் தொடர் இருக்கிறது: "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்." ‘மீ’ இல்லை, ‘மைன்’. இங்கே ஃப்ரெண்ட் ஒருமை, குழப்பமே இல்லை. பல வரைவுகளில் "ஒன் ஆஃப் மை" என்பதை அடித்துவிட்டு இதைத்தான் போடுகிறேன்.

இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு சொதப்பலில். ஒருவர் "ஒன் ஆஃப் மை எல்டர் பிரதர்" என்று எழுதியிருந்தார். நான் கடமை உணர்ச்சியோடு ‘எஸ்’ சேர்த்துக் கொடுத்தேன். கடிதம் போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு இருப்பதே ஒரே ஓர் அண்ணன். "அண்ணன் ஒருத்தர் இருக்கார்" என்று அவர் மனதில் ஓடியதை நான் நாலைந்து அண்ணன்கள் ஆக்கியிருந்தேன். "மை எல்டர் பிரதர்" என்றால் போதுமாக இருந்திருக்கும். இதே வழியில் "ஒன் ஆஃப் மை ஒய்ஃப்" என்று எழுதுகிறவருக்கு ‘எஸ்’ சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே ‘எஸ்’ போடுவதற்கு முன் ஒரு கேள்வி: உண்மையிலேயே ஒன்றுக்கு மேல் இருக்கிறதா? பெயரைச் சொல்லும்போதும் இதே சிக்கல்தான். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் டாம்" என்று வராது. "மை ஃப்ரெண்ட் டாம்" போதும்.

‘எஸ்’ போட்டாயிற்று, இப்போது வினை ஆடுகிறது

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் கமிங்." பெயரில் பன்மையைச் சரிசெய்த கையோடு வினையையும் பன்மையாக்கிவிடுவது. இரண்டாம் கட்டப் பிழை என்று இதைச் சொல்வேன், முதல் பிழையைத் திருத்தக் கற்றவர்களுக்கு வருவது. எழுவாய் ‘ஒன்’. ஆகவே இஸ், ஹேஸ், லிவ்ஸ்.

தமிழில் இந்தக் குழப்பம் வரவே வராது. "நண்பர்களில் ஒருவன் வந்தான்" என்பதில் ஒருவனும் வந்தானும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒன் வாக்கியத்தின் தலையில் நிற்க, வினை எங்கோ தள்ளி நிற்கிறது. நடுவில் நிற்கும் பன்மைப் பெயர் வினையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. தூரம் கூடக் கூட இழுப்பும் கூடும். போன வாரம் மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பிய அறிக்கைகளில் ஒன்று என்று ஒரு எழுவாய் இருந்தால், ஒன் என்ற சொல்லுக்கும் வினைக்கும் நடுவே ரிப்போர்ட்ஸ், ஆஃபீசஸ் என்று இரண்டு பன்மைகள் குறுக்கே படுத்திருக்கும். ஆஃப் என்பதிலிருந்து வினைக்கு முந்தைய சொல் வரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். ஒன்… ஹேஸ். அப்புறம் சந்தேகம் வராது.

இதில் ஒரு கிளை உண்டு. வினைக்குப் பின்னால் வரும் பன்மையும் இழுக்கும். "ஒன் ஆஃப் தி ப்ராப்ளம்ஸ் ஆர் டிலேஸ்" என்று எழுதிவிடுவோம், டிலேஸ் பன்மை ஆயிற்றே என்று. இல்லை, இஸ்தான். காதுக்கு ஒட்டவில்லை என்றால் வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம்: "டிலேஸ் ஆர் ஒன் ஆஃப் தி ப்ராப்ளம்ஸ்." இப்போது எழுவாய் டிலேஸ், ஆகவே ஆர். ஒரே செய்தி, ஆனால் வினை மாறிவிட்டது. திருப்பிய கையோடு வினையை மாற்ற மறந்து மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

‘எஸ்’ போட்டும் சிவப்புக் கோடு போகவில்லை

"ஒன் ஆஃப் தி ஃபர்னிச்சர்ஸ்", "ஒன் ஆஃப் தி இன்ஃபர்மேஷன்ஸ்", "ஒன் ஆஃப் தி அட்வைசஸ்." பன்மை வேண்டும் என்ற விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் தவறு. இந்தப் பெயர்களை ஆங்கிலம் தண்ணீர், மணல் போல எண்ணமுடியாத பொருளாக நடத்துகிறது. எக்விப்மென்ட், லக்கேஜ், ஃபீட்பேக், ஹோம்வொர்க் எல்லாம் இந்தக் கட்சி.

"பீஸ் ஆஃப்" சேர்த்துக்கொள்ளலாம் என்று புத்தகங்கள் சொல்லும். ஒன் பீஸ் ஆஃப் அட்வைஸ். தவறில்லை. ஆனால் நான் பெரும்பாலும் சொல்லையே மாற்றிவிடுவேன். அட்வைஸுக்குப் பதில் சஜெஷன்ஸ், இன்ஃபர்மேஷனுக்குப் பதில் டீட்டெய்ல்ஸ், எக்விப்மென்டுக்குப் பதில் டூல்ஸ் அல்லது மெஷின்ஸ், லக்கேஜுக்குப் பதில் பேக்ஸ். ஃபர்னிச்சர் என்றால் நாற்காலியா மேசையா என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது. வாக்கியமும் இளைக்கும்.

ஸ்டாஃப் என்பது தனிக் கதை. "ஒன் ஆஃப் தி ஸ்டாஃப்ஸ்" தவறு. "ஒன் ஆஃப் தி ஸ்டாஃப்" சரி, ஏனென்றால் அந்தச் சொல்லே ஒரு கூட்டத்தின் பெயர். ஒன் ஆஃப் தி ஃபேமிலி, ஒன் ஆஃப் தி டீம், ஒன் ஆஃப் தி க்ரூ எல்லாம் அப்படியே. ஒருமையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். இது நெருடினால் ஸ்டாஃப் மெம்பர்ஸ் என்று எழுதிவிடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இன்னொரு வகை, ‘எஸ்’ சேர்க்காமலே பன்மையாக இருப்பவை. ஒன் ஆஃப் தி சில்ட்ரன், ஒன் ஆஃப் தி பீப்பிள். ஒன் ஆஃப் தி விமன் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு எழுதும்போது ஓர் எழுத்தில் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கும். கடைசி அசையில் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால் ஒருமை, ‘ஈ’ என்ற எழுத்து இருந்தால் பன்மை. தட்டச்சுப் பிழைபோலத் தெரிந்தாலும் எழுத்துப் பிழை சோதிக்கும் கருவி இதைத் தனியாகப் பிடிக்காது, இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். கிரைட்டீரியா என்பதும் ஏற்கெனவே பன்மை. ஆகவே ஒன் ஆஃப் தி கிரைட்டீரியா சரி, ஒன் கிரைட்டீரியா தவறு, அங்கே கிரைட்டீரியன் வேண்டும். சீரிஸ், ஸ்பீஷீஸ் இரண்டும் ஒருமையிலும் பன்மையிலும் ஒரே உடுப்பு.

நடுவில் ஒரு சொல் காணோம்

"ஒன் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்", "ஒன் ஆஃப் மோஸ்ட் பியூட்டிஃபுல் சிட்டீஸ்." ஆஃபுக்கும் பெயருக்கும் நடுவில் எந்தக் கூட்டம் என்று சுட்டும் சொல் கட்டாயம்: தி, மை, ஹெர், தீஸ், தோஸ், ஏதாவது ஒன்று. தமிழில் தி என்ற சொல்லுக்கு ஈடு இல்லாததால் அது போனதே நமக்குத் தெரிவதில்லை. அஸ், யூ, தெம் வந்தால் மட்டும் வேண்டியதில்லை. ஒன் ஆஃப் அஸ், முடிந்தது.

ஆஃப் என்பதையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு: "மை ஒன் ஃப்ரெண்ட்." ‘என் ஒரு ஃப்ரெண்டு’ என்ற பேச்சின் நேர் நகல். ஆங்கிலத்தில் இதற்கு வேறு பொருள் வந்துவிடும். இந்த உலகில் எனக்கிருக்கும் ஒரே நண்பர். கொஞ்சம் சோகமான வாக்கியம்.

நண்பரின் வீட்டில் அப்பாஸ்ட்ரஃபி

நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன் என்பதை "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்" என்று எழுதப் போகிறோம். அப்பாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேலே தொங்கும் கமா, எங்கே? ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் வைத்தால் நண்பர் ஒருமையாகிவிடுகிறார், ஒன் ஆஃப் அந்தரத்தில் தொங்குகிறது. பின்னால் வைத்தால் நண்பர்கள் எல்லோருக்கும் சொந்தமான வீடு மாதிரி ஒலிக்கிறது. காதுக்கு எல்லாமே ஒன்றுதான், அதனால் பேச்சில் தப்பித்துவிடலாம், எழுத்தில் முடியாது. இதை ரிப்பேர் செய்ய மெனக்கெடாதீர்கள். "எ ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்" என்று எழுதி, அப்பாஸ்ட்ரஃபியை ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் வையுங்கள். பலரில் ஒருவர் என்பது முக்கியம் என்றால் "தி ஹவுஸ் ஆஃப் ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்." இரண்டு ஆஃப் வருவது அழகில்லைதான், ஆனால் பிழையில்லை.

பின்னால் ‘ஹூ’ வந்ததும் எல்லாம் குழம்புகிறது

இதுதான் கடினமான இடம். தேர்ந்தவர்களும் சண்டை போடும் இடம்.

"ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் பீப்பிள் ஹூ நெவர் கிவ் அப்." கிவ்வா, கிவ்ஸா? எழுவாய் ஒன், ஒன் ஒருமை என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, ஆகவே கிவ்ஸ் என்று நீங்கள் நினைத்தால் அது என் தவறு. இந்த வாக்கியத்தில் வினைகள் இரண்டு. இஸ் என்பது ஷி என்பதற்குரியது, அங்கே பிரச்சினை இல்லை. கிவ் என்பது ஹூ என்பதற்குரியது. அந்த ஹூ யார் என்பதுதான் கேள்வி.

இங்கே தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி ஆங்கிலேயருக்குக்கூடக் கிடையாது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள்: "மனம் தளராத மனிதர்களில் அவளும் ஒருத்தி." தளராத என்ற பெயரெச்சம் எதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது? மனிதர்கள்மேல். ஆகவே ஹூ என்பது அந்த மனிதர்கள், வினை பன்மை, கிவ். ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கச் சொல்லித் தருவது இதைக் கண்டுபிடிக்கத்தான். தமிழில் அது பிறவியிலேயே புரண்டு நிற்கிறது.

இப்போது இன்னொன்று: "என் நண்பர்களில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்." தெரிந்த என்ற பெயரெச்சம் இப்போது ஆள்மேல் ஒட்டியிருக்கிறது, நண்பர்கள்மேல் இல்லை. ஆகவே ஒருமை: "ஹி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஹூ நோஸ் திஸ்." ‘தி ஒன்லி ஒன்’ என்று வந்தால் வினை ஒருமை என்று மனப்பாடம் செய்வதைவிட, பெயரெச்சம் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்பது எளிது. ஹூ இருக்கும் இடத்தில் தட் அல்லது விச் வந்தாலும் இதே சோதனைதான்.

முதல் வாக்கியத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே கிவ்ஸ் என்று எழுதுவது நெடுநாளாக உண்டு. ஆங்கில அகராதி ஆசிரியர் ஃபௌலர் 1926இல் வெளியிட்ட தன் நடைக் கையேட்டில் அதைப் பிழையென்று கண்டித்தார். ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை, நல்ல எழுத்தாளர்களிடமும் தென்படுகிறது. எனவே பிறர் எழுத்தில் ஒருமையைக் கண்டால் பாய வேண்டாம். தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் நீங்கள் எழுதும்போது பன்மையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதைத் தவறென்று சொல்ல ஆளில்லை.

"இஃப் நாட் தி பெஸ்ட்" என்று ஆசையாகச் சேர்த்தது

"மிகச் சிறந்தவர்களில் ஒருவர், ஏன், அவரே மிகச் சிறந்தவர்" என்று புகழ நினைத்து, "ஒன் ஆஃப் தி பெஸ்ட், இஃப் நாட் தி பெஸ்ட்" என்று போய், கடைசியில் பிளேயரா பிளேயர்ஸா என்று மாட்டிக்கொள்வது. முன்பாதிக்குப் பன்மை வேண்டும், பின்பாதிக்கு ஒருமை வேண்டும். எதைப் போட்டாலும் ஒரு பாதி நொண்டும். முன்பாதியை முதலில் முடித்துவிடுங்கள்: "ஒன் ஆஃப் தி பெஸ்ட் பிளேயர்ஸ் இன் தி வேர்ல்ட், இஃப் நாட் தி பெஸ்ட்." வால் கடைசியில் போனதும் இரண்டும் நிம்மதி.

இதைப் பற்றிப் பேசும்போது ஒரு முணுமுணுப்பு. கட்டுரையின் முதல் வரியை "ஒன் ஆஃப் தி மோஸ்ட் இம்பார்ட்டன்ட்" என்று தொடங்குகிறவர்கள், அது எத்தனையில் ஒன்று என்று தங்களையே கேட்டுக்கொள்ளலாம். விடை தெரியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவதுதான் உத்தமமான திருத்தம். நான் எடுத்ததில் இதுவரை யாரும் தேடிக்கொண்டு வந்ததில்லை.

ஹிஸ்ஸா, ஹெர்ரா, தேர்ரா

நண்பர்களில் ஒருவர் தொலைபேசியைத் தொலைத்துவிட்டார். யாரென்று தெரிந்தால் ஹிஸ் அல்லது ஹெர். தெரியாவிட்டால், அல்லது சொல்ல விருப்பமில்லாவிட்டால், தேர் போடலாம். ஒன் ஒருமை, தேர் பன்மை ஆயிற்றே என்று இதைச் சிவப்பு மையால் அடித்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 2019இல் கொண்டுவந்த எழுத்துக் கையேட்டின் 7ஆம் பதிப்பு ஒருமைப் பொருளில் தே, தேர் இரண்டையும் ஆதரிக்கிறது. நமக்கென்ன, ‘அவர்’ என்ற பன்மை வடிவத்தை ஒருவருக்கே வைத்துப் பழகியவர்கள்தானே.

திருத்தக் கூடாத ஒன்று

இவ்வளவும் படித்த உற்சாகத்தில் "ஒன் ஆஃப் எ கைண்ட்" என்பதைக் கண்டதும் கைண்ட்ஸ் என்று மாற்றிவிடாதீர்கள். ஈடு இணையில்லாதது என்ற பொருளில் வரும் மரபுத்தொடர் அது, ஒருமைதான். பெயருக்கு முன் அடைமொழியாக வரும்போது சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு போடுவார்கள். வினைக்குப் பின் தனியாக வந்தால் கோடு வேண்டாம்.

ஈச் ஆஃப், ஈதர் ஆஃப், நைதர் ஆஃப் மூன்றும் ஒன் ஆஃப் போலவேதான்: பெயர் பன்மை, வினை ஒருமை. நன் ஆஃப் வந்தால் வினை எப்படியும் போகலாம். "மோர் தேன் ஒன்" மட்டும் வம்பு பிடித்தது. ஒன்றுக்கு மேல் என்று பொருள் இருந்தும் பெயரும் வினையும் ஒருமை: மோர் தேன் ஒன் பெர்சன் ஹேஸ். இதற்குத் தர்க்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முடித்த வரைவில் இவற்றையெல்லாம் ஒவ்வொரு வரியாகத் தேட வேண்டியதில்லை. தேடல் பெட்டியைத் திறந்து "ஒன் ஆஃப்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பத்துப் பக்க அறிக்கையில் நாலைந்து இடங்கள் மாட்டும். ஒவ்வொன்றிலும் முதலில் பெயரின் வால், பிறகு வினை, அப்புறம் பின்னால் ஹூ இருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். கணினியின் இலக்கணச் சோதனையை முழுக்க நம்ப வேண்டாம். அண்ணன்கள் எத்தனை பேர் என்று அதற்கும் தெரியாது.